யாரோ உடுத்திய பட்டு

ஆடையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் புத்தாடையின் வரலாற்றையே எழுதினர். அரசி எதை உடுத்தாள், அரசவை எதை விரும்பிற்று, எந்த ஆண்டில் பாவாடை விரிந்தது, எந்த ஆண்டில் சுருங்கியது என்பனவே ஏடுகளை நிறைத்தன. களைந்த பின் அவ்வாடை எங்கே சென்றது, அதை வாங்கியவர் யார், எதற்காக வாங்கினர் என்னும் கேள்விகள் நெடுங்காலம் எழவேயில்லை. கவிதைக்கும் இக்குறை உண்டு. பொருநராற்றுப்படையில் கரிகாலன், தன்னை நாடி வந்த பொருநனின் ஈரும் பேனும் குடியிருந்த கந்தலைக் களைவித்து, இழை ஓடிய வழி கண்ணுக்குப் புலப்படாத நுண்துகிலை உடுத்துவிக்கிறான். பாம்பின் உரிக்கு நிகரான அத்துகிலைத் தமிழுலகம் இன்றளவும் போற்றி வருகிறது. களைந்த கந்தல் என்னவாயிற்று என்பதைப் பாட்டு சொல்லாமலே விட்டுவிடுகிறது.

மேலைநாடுகளில் இன்று அந்தக் கந்தலுக்கெனத் தனிச் சந்தை உண்டு. 'வின்டேஜ்' ஆடைக் கண்காட்சி என்பது அதன் பெயர். நூறாண்டுக்கு முன் யாரோ ஒருத்தி உடுத்திய பட்டு கவுனையும், லேஸ் வைத்த வெள்ளை மேற்சட்டையையும், மணி கோத்த நடன உடையையும் வாங்குவதற்காக நுழைவுக் கட்டணம் செலுத்தி வரிசையில் நிற்கிறார்கள் பெண்கள். இதை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவ்வரிசைக்குப் பின்னால் மூன்று நூற்றாண்டு வாணிகம் நிற்கிறது. அவ்வாணிகம் தன் வாழ்நாளின் பெரும்பகுதியில் பெண்களின் ஆடையை அழித்தே பிழைத்தது. காப்பதற்காக வாங்கும் வழக்கம் நேற்றுத் தோன்றியது. அவ்வழக்கமும் முழுமையாகக் காக்கிறதா என்பது இன்றும் வழக்கில் இருக்கும் வினா.

கந்தல் சந்தை

பதினெட்டாம் நூற்றாண்டில், இலண்டன் கோபுரம் எனப்படும் பழங்கோட்டைக்கு அருகே ரோஸ்மேரி லேன் என்றொரு தெரு இருந்தது. அங்கே கூடிய சந்தையை 'ராக் ஃபேர்', அதாவது கந்தல் சந்தை என்றே மக்கள் அழைத்தனர். விற்கப்பட்டவை எல்லாம் கந்தல் அல்ல. சீமாட்டியின் பட்டும் அங்கே வரும். கப்பலோட்டியின் கிழிந்த காற்சட்டையும் வரும். பெட்டிகோட் லேன் என்ற மற்றொரு தெருவும் பழைய ஆடைக்குப் பெயர் பெற்றது. 1830ஆம் ஆண்டளவில் அத்தெருவுக்கு மிடில்செக்ஸ் தெரு என்று புதுப் பெயர் சூட்டினர். பாவாடையின் பெயர் தெருப் பலகையில் இருப்பது நாகரிகமன்று என்று கருதியிருக்கலாம். ஆனால் மக்கள் நாவிலிருந்து பழைய பெயரை அகற்ற அதிகாரிகளால் இயலவில்லை. அது இன்றும் வழங்குகிறது.

அக்காலத்தில் துணி விலை மிகுதி, கைக்கூலி சொற்பம். இன்றைய நிலைக்கு இது நேர் எதிர். இலண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில், பிரான்சிலிருந்து சமயக் கொடுமைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் நெசவாளர் வழியினர் பூவேலைப் பட்டு நெய்தனர். அப்பட்டுக்குக் கோலம் வரைந்து தந்தவருள் தலையாயவர் அன்னா மரியா கார்த்வைட் (1688-1763) என்னும் பெண்மணி. அவர் வரைந்த எண்ணூறுக்கும் மேற்பட்ட வரைபடங்கள் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரு கவுனுக்கு வேண்டிய பட்டின் விலையோடு ஒப்பிட்டால், அதைத் தைத்தவளின் கூலி அற்பத்திலும் அற்பம். ஆகவே தையற்காரி கத்தரிக்கு அஞ்சினாள். ஏறத்தாழ இருபது அங்குல அகலமே உடைய பட்டை வெட்டாமல் மடிப்பு மடிப்பாக மடித்து உடலுக்கு அமைத்தாள். நீண்ட, எளிதில் பிரிக்கத்தக்க தையல்களே இட்டாள். தைக்கும்போதே பிரிப்பதற்கும் வழி வைத்துத் தைத்தாள் எனலாம்.

இதனால் ஒரு பட்டு கவுனுக்கு மூன்று நான்கு பிறவிகள் வாய்த்தன. தாயின் கவுன் மகளுக்குப் பிரித்துத் தைக்கப்பட்டது. உயில்களில் நிலத்தோடும் வெள்ளிப் பாத்திரத்தோடும் ஆடைகளும் எழுதி வைக்கப்பட்டன. எசமானி களைந்தது பணிப்பெண்ணுக்கு உரியது என்பது எழுதாச் சட்டம். சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமேலா' (1740) நாவலில் இறந்துபோன எசமானியின் ஆடைகளை அவள் மகன் பணிப்பெண் பமேலாவுக்குக் கொடுக்கும் கட்டத்தை அக்கால வாசகர் எளிதில் கடந்து சென்றிருக்க மாட்டார்கள். அந்த ஆடை அவளைத் தன் நிலையிலிருந்து உயர்த்துகிறதா, வலைக்குள் இழுக்கிறதா என்பது கதையின் உயிர்நிலை. பணிப்பெண்கள் பலர் இவ்வாறு கிடைத்ததை உடுத்துவதில்லை, விற்றுக் காசாக்கினர். உடுத்தினால் உடுத்திய குற்றத்துக்கு ஊர் பேசும். ஓல்டு பெய்லி நீதிமன்றப் பதிவேடுகளைப் புரட்டினால் கவுன், பாவாடை, உள்ளங்கி திருடிய வழக்குகள் பக்கந்தோறும் வருகின்றன. திருடியவர்களிலும் பறிகொடுத்தவர்களிலும் பெண்கள் மிகப் பலர். துணி அன்று கைமாற்றத்தக்க செல்வம், ஏறத்தாழ நாணயம்.

இன்னொரு முடிவும் உண்டு. ஏழைப் பெண்ணின் லினன் உள்ளங்கி இனித் தைக்க இடமில்லாதபடி நைந்தபோது, கந்தல் பொறுக்குவோர் கைக்கு வந்து, அங்கிருந்து காகித ஆலைக்குச் சென்றது. மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவும் வரை, ஐரோப்பாவின் காகிதம் முழுதும் பழந்துணியே. கீட்சும் பைரனும் அச்சேறிய தாள்கள் யார் யாரோ உடுத்திக் கிழித்த உள்ளாடைகளே. புலவர்கள் இதை எண்ணிப் பார்த்தல் தகும். பெண்கள் எழுதிய பக்கங்கள் குறைவாக இருக்கலாம்; எழுதப்பட்ட பக்கங்கள் அவர்கள் உடுத்தியவை. சாதாரணப் பெண்ணின் ஆடை அருங்காட்சியகங்களில் ஏன் காணப்படவில்லை என்பதற்கு விடையும் இதுவே. சீமாட்டியின் பட்டு பெட்டிக்குச் சென்றது. ஏழையின் லினன் நூலகத்துக்குச் சென்றது.

சரிகையின் கதை இன்னும் கொடியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு அரசவைப் பெண்கள், பழைய ஆடைகளிலிருந்த பொன், வெள்ளி இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துப் பொற்கொல்லரிடம் விற்பதையே பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். 'பார்ஃபிலாழ்' என்பது அதன் பெயர். அதற்கெனக் கைக்கு அடக்கமான சிறு கருவிப் பெட்டியும் இருந்தது. தமிழ்நாட்டு ஊர்களில் பழைய பட்டுப் புடவை வாங்குவோர், சரிகையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும் தொழிலோடு இதை ஒப்பிட்டுக் காண்போர், இரு நாட்டிலும் பெண்ணின் பட்டு இறுதியில் தராசுத் தட்டுக்கே வந்து சேர்ந்ததை உணர்வர்.

சீட்டி

இப்பழைய ஆடைகளுள் ஒன்றன் பிறப்பிடம் தமிழ், தெலுங்குக் கடற்கரை. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களை ஒட்டிய ஊர்களில் கையால் எழுதிச் சாயமிட்ட பருத்தித் துணியை ஆங்கிலேயர் 'சின்ட்ஸ்' என்றனர். டச்சுக்காரர் 'சிட்ஸ்' என்றனர். தமிழ் வீடுகளில் வழங்கும் 'சீட்டி' என்ற சொல்லும் இவையும் ஒரே குடும்பத்தன. பருத்தியில் சாயம் போகாமல் பூ மலரச் செய்யும் கலை அன்று ஐரோப்பாவுக்குத் தெரியாது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்து, சிவப்பு வேண்டிய இடத்தில் படிக்காரக் கரைசலையும் கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசலையும் தூரிகையால் தீட்டி, இம்பூறல் என்னும் சாயவேர் இட்ட நீரில் கொதிக்கவைப்பர். நீலம் வேண்டிய இடம் நீங்கலாக மற்றெங்கும் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். வெயிலில் உலர்த்துவர், அலசுவர், மீண்டும் தீட்டுவர். இம்முறையை அறிய ஐரோப்பியர் துடித்தனர். 1734ஆம் ஆண்டளவில் போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படையாளர் புதுச்சேரியில் ஒவ்வொரு படிநிலையிலும் ஒரு துண்டுத் துணியை வெட்டி எடுத்துக் குறிப்போடு ஒட்டி வைத்தார். 1742இல் கேர்து என்ற பிரெஞ்சு யேசு சபைத் துறவி, தம்மிடம் ஞானம் பெற்ற சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்ததை நீண்ட மடலாகப் பாரிசுக்கு எழுதினார். தொழிலின் மறைபொருள் கடல் கடந்தது. எழுதிய கைகளின் பெயரோ எந்த மடலிலும் பாராட்டுப் பெறவில்லை.

சீட்டி ஐரோப்பியப் பெண்களைக் கொள்ளை கொண்டது. எடை குறைவு, துவைக்கலாம், வண்ணம் மங்காது. பட்டு நெசவாளரும் கம்பளி நெசவாளரும் கலங்கினர். பிரான்சு 1686இல் தடை விதித்து 1759 வரை நீட்டித்தது. இங்கிலாந்து 1701 முதல் இறக்குமதியைத் தடுத்தது, 1721இல் இயற்றிய சட்டத்தால் உடுத்துவதையே குற்றமாக்கியது, 1774இல்தான் தளர்ந்தது. இடையில் 1719ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, சீட்டி உடுத்திச் சென்ற பெண்களைத் துரத்தி, உடலிலிருந்தே ஆடையைக் கிழித்தனர். மையையும் அமிலத்தையும் வீசினர். அதே ஆண்டில் 'ராபின்சன் குரூசோ'வை வெளியிட்ட டேனியல் டீஃபோ, நெசவாளர் பக்கம் நின்று சீட்டிக்கு எதிராகத் தொடர்ந்து எழுதினார். பட்டினி கிடந்த நெசவாளனின் துயரம் மெய்யானது. ஆனால் அவனுடைய சினம் இறக்குமதி செய்த வணிகன் மீது பாயாமல், இரண்டாம் கையாக ஒரு சீட்டிப் பாவாடை வாங்கி உடுத்தியிருந்த பணிப்பெண்ணின் மீது பாய்ந்தது. வரலாற்றில் இவ்வகை நீதி அரிதன்று.

மிஞ்சிய சீட்டி ஆடைகள் மிகச் சில. அவையும் முழு உருவில் மிஞ்சியவை அல்ல. கவுன் நைந்தபோது மேற்சட்டை ஆயிற்று. மேற்சட்டை நைந்தபோது குழந்தைத் தொப்பி ஆயிற்று. இறுதியில் ஒட்டுப்போர்வையில் ஒரு சதுரம் ஆயிற்று. நெதர்லாந்தின் ஹிண்டலோபன் போன்ற ஊர்களில் உள்ளூர் மரபுடையாகச் சீட்டி நிலைத்ததால் சற்று அதிகமாகத் தப்பியது. இன்று பழைய ஆடைச் சந்தைக்குக் கோரமண்டலச் சீட்டி அத்திபூத்தாற்போல் வரும். வந்தால் அருங்காட்சியகங்களும் செல்வர்களும் போட்டியிடுவர். எழுதியவன் பெயர் அப்போதும் விலைச் சீட்டில் இராது.

வங்கத்து மஸ்லினுக்கும் இத்தகைய கதை உண்டு. ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி'யில் ஹென்றி டில்னி என்னும் இளைஞன் தன் தங்கைக்காக இந்திய மஸ்லின் மலிவாக வாங்கியதைப் பெருமையாகச் சொல்லி ஒரு நடுவயதுப் பெண்மணியின் மதிப்பைப் பெறும் காட்சி நகைச்சுவைக்காக எழுதப்பட்டது. துணியின் தரமறிந்த ஆடவன் அன்று அதிசயப் பொருள் என்பதும் அதனால் தெரிகிறது.

பெட்டியிலிருந்து பேழைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பழைய ஆடை வாணிகம் உச்சம் தொட்டது. ஹென்றி மேஹ்யூ 1851இல் வெளியிட்ட இலண்டன் உழைப்பாளர் பற்றிய பெருநூலில் ஹவுண்ட்ஸ்டிட்ச் பகுதியின் பழைய ஆடை மாற்றுக் கூடம் உயிரோட்டமாக விவரிக்கப்பட்டுள்ளது. தோளில் மூட்டையோடு தெருத்தெருவாகக் கூவி வாங்கிய யூத வணிகர்கள் மாலையில் அங்கே கூடினர். நல்லது உள்நாட்டில் விற்றது. அடுத்தது அயர்லாந்துக்குக் கப்பலேறியது. கம்பளிக் கந்தல் யார்க்‌ஷயர் மாநிலத்துப் பேட்லி நகருக்குச் சென்றது. அங்கே 1813 முதல் கந்தலை அரைத்து மீண்டும் நூலாக்கும் ஆலைத் தொழில் வளர்ந்திருந்தது.

அதே ஐம்பதுகளில்தான் எல்லாம் மாறியது. 1851இல் ஐசக் சிங்கர் தையல் எந்திரத்துக்கு உரிமம் பெற்றார். 1856இல் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர் கரியெண்ணெய்ப் பொருளிலிருந்து ஊதாச் சாயம் கண்டார். 1858இல் சார்லஸ் ஃப்ரெடரிக் வொர்த் பாரிசில் ஆடை நிறுவனம் தொடங்கி, ஓவியர் கையெழுத்திடுவது போல் தம் பெயரை ஆடையின் உள்ளே நாடாவில் நெய்து வைத்தார். துணி மலிந்தது, தையல் விரைந்தது, கோலம் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. பழையதைப் பிரித்துத் தைப்பது மானக்குறைவு ஆயிற்று. பிறர் உடுத்தியதை உடுத்துதல் ஏழ்மையின் அடையாளமாயிற்று. ஆடைகள் பரண்மேல் பெட்டிக்குச் சென்றன. மணநாள் உடை, இறந்த குழந்தையின் உடை, பாட்டியின் பட்டு என்று நினைவுக்காக வைத்தவை அவை. அவற்றையும் விழா நாள்களில் மாறுவேடம் பூண எடுத்து, இடுப்பில் துணி சேர்த்து, கழுத்தை வெட்டிக் கெடுத்தனர் விக்டோரியா காலத்துப் பேத்திகள். இன்று கிடைக்கும் பதினெட்டாம் நூற்றாண்டு கவுன்கள் பலவற்றில் அவ்வேடத்தின் தையல் வடு தெரிகிறது.

பரணில் இருந்த பட்டுக்கு உள்ளிருந்தே ஒரு பகை முளைத்தது. பட்டின் பசையை நீக்கினால் எடை ஏறத்தாழக் கால் பங்கு குறையும். பட்டு எடைக்கு விற்கும் பொருள். இழந்த எடையை ஈடுகட்ட வெள்ளீய உப்புகளில் தோய்த்தனர் சாயத் தொழிலதிபர். துணி கனத்தது, சரசரப்புக் கூடியது, வாங்கியவள் மகிழ்ந்தாள். சில பத்தாண்டுகளில் அந்த உப்பு இழையைத் தின்றது. 1890 முதல் 1920 வரையிலான பட்டு உடைகள் பல, யாரும் தொடாமலே மடிப்பு வழியே கீறல் கீறலாக வெடிக்கின்றன. அதற்கு முந்தைய நூற்றாண்டின் பட்டோ கையில் எடுத்தால் இன்றும் மீனைப் போல் நழுவுகிறது.

இவற்றை வரலாறாக மதித்து வாங்கியவர்கள் தொடக்கத்தில் தனி மனிதர்களே. டால்பட் ஹியூஸ் என்ற ஓவியர் தம் படங்களுக்கு மாதிரியாகப் பழைய ஆடைகளைத் திரட்டினார். ஹாரட்ஸ் பேரங்காடி அத்தொகுப்பை விலைக்கு வாங்கி, தன் கடையில் காட்சிக்கு வைத்து, 1913இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு வழங்கியது. அருங்காட்சியகத்துக்கு ஆடையின் மதிப்பை ஒரு கடை கற்பித்தது என்று இதைக் கூறினால் மிகையாகாது. மருத்துவத் தம்பதியரான கன்னிங்டன் இணையர் சேர்த்த தொகுப்பை மான்செஸ்டர் மாநகராட்சி வாங்கி 1947இல் பிளாட் ஹால் மாளிகையில் காட்சிக்கு வைத்தது.

இவ்வரிசையில் டோரிஸ் லாங்லி மூர் (1902-1989) தனித்து நிற்பவர். நாவலாசிரியர், திரைப்பட ஆடை வடிவமைப்பாளர், பைரன் ஆய்வாளர் என்னும் மூன்று முகம் அவருக்கு. 'ஆப்பிரிக்கன் குவீன்' (1951) படத்தில் காதரின் ஹெப்பர்ன் அணிந்த உடைகள் அவர் அமைத்தவை. பிறர் பரணிலிருந்து கழித்ததை அவர் விலைக்கு வாங்கினார், வாங்கியதை அளந்தார். விக்டோரியா காலப் பெண்ணின் இடை பதினைந்து, பதினெட்டு அங்குலம் என்று பரவியிருந்த கதையை, உவமை தேடாமல் அளவு நாடாவைக் கொண்டே மறுத்தார். தமிழில் இடை இல்லை என்றே பாடிப் பழகியவர்களுக்கும் அந்த நாடா பயன்படக்கூடும். பழைய ஆடைகள் சிறிய உடலுக்கே பொருந்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெரிய ஆடையைப் பிரித்தால் புதிதாக ஒன்று தைக்கலாம். சிறியதைப் பிரித்துப் பயனில்லை. ஆகவே சிறியவை தப்பின.

அவருடைய தொகுப்பு 1955இல் சசெக்ஸ் மாவட்டத்து எரிட்ஜ் மாளிகையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டு, 1963இல் பாத் நகரின் அசெம்பிளி ரூம்ஸ் மண்டபத்தில் நிலை கொண்டது. ஆடை ஆய்வும் இலக்கிய ஆய்வும் அவரிடம் எவ்வாறு ஒன்றாயின என்பதற்கு ஒரு சான்று போதும். 1813இல் தாமஸ் ஃபிலிப்ஸ் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் பைரன் அணிந்திருப்பது அல்பேனிய உடை. அவ்வுடையை மறு ஆண்டே மெர்சர் எல்ஃபின்ஸ்டன் என்னும் சீமாட்டிக்கு, மாறுவேட விருந்தில் அணிந்துகொள்ளுமாறு பைரன் கொடுத்துவிட்டார். கவிஞனின் களைந்த ஆடை அப்பெண்ணின் வழித்தோன்றல்களின் பவுட் மாளிகையில் அடையாளம் இழந்து கிடந்தது. நூற்றைம்பது ஆண்டுக்குப் பின் அதை இன்னதென்று கண்டுரைத்தவர் லாங்லி மூர். ஏட்டையும் படித்தவர், தையலையும் படித்தவர் என்பதால் அது அவர் கண்ணுக்குப் பட்டது.

விடியற்காலை வரிசை

அறுபதுகளில் இளைஞர் தலைமுறை பழைய ஆடையின் மீதிருந்த நாணத்தைக் கழற்றி எறிந்தது. 1966இல் இலண்டன் கிங்ஸ் சாலையில் தொடங்கிய 'கிரானி டேக்ஸ் எ ட்ரிப்' என்ற கடைக்கு முதல் சரக்கு, அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஷீலா கோஹன் சேர்த்து வைத்திருந்த பழைய ஆடைகளே. பாட்டிமாரின் லேஸ் உள்பாவாடையைப் பேத்திகள் வெளியாடையாக உடுத்துத் தெருவில் நடந்தனர். அமெரிக்காவில் ஹேரியட் லவ் என்னும் நியூயார்க் கடைக்காரர் 1982இல் எழுதிய வழிகாட்டி நூல், 'பழசு' என்ற சொல்லை அகற்றி, நல்ல திராட்சை மதுவுக்கு வழங்கிய 'வின்டேஜ்' என்ற சொல்லை ஆடைக்குப் பரப்பியவற்றுள் ஒன்று. சொல் மாறியது, விலையும் மாறியது.

கடைகளிலிருந்து கண்காட்சி பிறந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிம்ஃபீல்ட் சிற்றூரில் 1959 முதல் வயல்வெளியில் பழம்பொருள் சந்தை கூடுகிறது. ஆண்டுக்கு மூன்று முறை, மே, ஜூலை, செப்டம்பர் மாதங்களில். அதை ஒட்டி அருகிலுள்ள ஸ்டர்பிரிட்ஜில் பழைய ஆடைக்கும் துணிக்கும் மட்டுமே ஆன கண்காட்சி பல்லாண்டு நடைபெற்றது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் பெவிலியனிலும், இலண்டனின் ஹேமர்ஸ்மித் நகர மண்டபத்திலும் இத்தகைய கண்காட்சிகள் பெயர் பெற்றன. முதலில் நுழைய விரும்புவோர் கூடுதல் கட்டணம் தருவது இக்கூடங்களின் வழக்கம். வரிசையில் முன்னிற்பவர் யாவரும் அழகு தேடி வந்த பெண்கள் அல்லர். ஆடை நிறுவனங்களின் வடிவமைப்பாளர்கள் அடுத்த ஆண்டின் கோலத்தைத் தேடி வருவர். அவர்களுள் சிலர் வாங்கியதை வெட்டி மாதிரித் துண்டாக்குவர்.

தேர்ந்தவள் வாங்கும் முறை ஒரு கல்வி. அவள் கைப்பையில் அளவு நாடா, சிறு கைவிளக்கு, உருப்பெருக்குக் கண்ணாடி. ஆடையின் முகத்தை அவள் பார்ப்பதில்லை; உள்ளே புரட்டுவாள். அக்குளில் வியர்வைக் கறை உண்டா, தோளில் தொங்கிய கனத்தால் இழை பிரிந்ததா, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளை தெரிகிறதா, பழைய தையலின் மேல் புதுத் தையல் ஏறியிருக்கிறதா என்று காண்பாள். இடுப்பின் பக்கத்தில் உலோக ஜிப் இருந்தால் முப்பது நாற்பதுகள். முதுகின் நடுவே நைலான் ஜிப் ஓடினால் அறுபதுகளோ அதற்குப் பிந்தியதோ. பிரிட்டிஷ் உடையின் உள்ளே பாலாடைக் கட்டியிலிருந்து துண்டு வெட்டியது போன்ற இரு 'சி' எழுத்தும் 41 என்ற எண்ணும் இருந்தால், 1941இல் போர்க்காலப் பங்கீட்டோடு வந்த சிக்கன ஆடை அது. அமெரிக்க உடையில் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சர்வதேசச் சங்கத்தின் முத்திரை நாடா இருந்தால், நாடாவின் வடிவம் மாறிய ஆண்டுகளைக் கொண்டு காலம் கணிக்கலாம். சிவப்பும் வெள்ளையும் நீலமும் கலந்தது 1974க்குப் பிந்தியது. வாங்குபவளுக்கு அது காலக் குறிப்பு. அந்த நாடாவின் விலை வேறு.

எந்தக் கண்காட்சியிலும் நூறாண்டு பழைய வெள்ளைப் பருத்தி மேற்சட்டைகள் தொங்கும். மெல்லிய துணி, நுண்ணிய மடிப்பு, லேஸ் பட்டை, முதுகுப் புறம் வரிசையாகச் சிறு பொத்தான்கள். 'ஷர்ட்வெய்ஸ்ட்' எனப்படும் இவற்றைப் பார்ப்போர் பாட்டியின் தோட்டத்துத் தேநீர் விருந்தை எண்ணிக்கொள்வர். ஆனால் இவ்வகைச் சட்டைகளைத் தைத்த நியூயார்க் பெண்கள் 1909இல் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, பனியில் மறியல் நின்று, அடி வாங்கினர். சங்கத்தை ஏற்க மறுத்த ட்ரையாங்கிள் தொழிலகத்தில் 1911 மார்ச் 25 அன்று தீப்பற்றியது. வாயில்களுள் ஒன்று பூட்டியிருந்தது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடியேறிய இளம் பெண்கள். வெள்ளைச் சட்டையின் மடிப்பில் விரல் ஓட்டுபவள், அந்த மடிப்பை இட்டவள் எந்தத் தளத்தில் அமர்ந்திருந்தாள் என்று அறிய வழியில்லை. வொர்த்தின் பெயர் நாடாவில் நெய்யப்பட்டிருக்கிறது. அவர் நிறுவனத்தில் ஊசி பிடித்த நூற்றுக்கணக்கான பெண்களின் பெயர் கோரமண்டலத்துச் சீட்டி எழுதியவன் பெயர் போன இடத்துக்கே போயிற்று.

உடுத்துவதா, காப்பதா

வாங்கிய பின் எழுவது வேறொரு வழக்கு. ஆடை உடுத்துவதற்கே பிறந்தது, உடுத்தினால் அழியும். வெனிசு நகரத்து மரியானோ ஃபார்ச்சூனி 1909இல் உரிமம் பெற்ற நுண்மடிப்புப் பட்டு கவுன்கள் இதற்கு இனிய சான்று. நூற்கழி போல் முறுக்கிச் சிறு வட்டப் பெட்டியில் வைக்கத்தக்கவை. எடுத்தால் உடலைத் தழுவி விழும். மார்செல் ப்ரூஸ்தின் பெருநாவலில் அல்பெர்த்தீனுக்குக் காதலன் வாங்கித் தருவனவற்றுள் ஃபார்ச்சூனி உடையும் உண்டு. அம்மடிப்பு உடலின்மேல்தான் உயிர் பெறுகிறது. ஆனால் நீர் பட்டால் கலைகிறது. கலைந்ததை மீண்டும் அதே வகையில் இட இன்று எவராலும் இயலவில்லை.

அருங்காட்சியகத்தார் 1980களிலேயே தீர்ப்பு வழங்கிவிட்டனர்: காக்கப்பட்ட ஆடையை எவரும் அணியலாகாது. லாங்லி மூர் 1949இல் தம் நூலுக்காக உயிருள்ள பெண்களுக்குத் தம் தொகுப்பின் ஆடைகளை உடுத்திப் படம் எடுத்தவர். அவ்வழக்கம் அவர் வாழ்நாளிலேயே பிழையாகிவிட்டது. பிழையென்று சொன்னவர்கள் கூறுவது சரியே. எனினும் பொம்மையின்மேல் நிற்கும் ஆடையைப் பார்த்து அறிய முடியாத ஒன்றை, தோள் எங்கே தடுக்கிறது, மூச்சு எவ்வளவு அடங்குகிறது, படியேறும்போது எந்தக் கை எதைப் பிடிக்கிறது என்பதை, அவர் அப்படித்தான் அறிந்தார்.

2022 மே மாதத்தில் இவ்வழக்கு உலகின் முன் வந்தது. 1962இல் அமெரிக்கத் தலைவர் கென்னடியின் பிறந்தநாள் விழாவில் மர்லின் மன்றோ பாடியபோது அணிந்த, மணி பதித்த உடை 1999 ஏலத்தில் 12 இலட்சம் டாலருக்கு மேலும், 2016இல் 48 இலட்சம் டாலருக்கும் விலைபோயிருந்தது. அதைத் தொலைக்காட்சிப் புகழ் கிம் கர்தாஷியன் நியூயார்க் விருந்தொன்றுக்கு அணிந்து சென்றார். சர்வதேச அருங்காட்சியகக் கழகம் கண்டித்தது. உரிமையாளரோ விலை கொடுத்து வாங்கியவர். மன்றோவின் உடைக்குக் குரல் கொடுக்கக் கழகம் இருந்தது. ஸ்டர்பிரிட்ஜிலோ ஹேமர்ஸ்மித்திலோ ஐம்பது டாலருக்கோ பவுனுக்கோ கைமாறும் பெயரற்றவளின் உடைக்கு அதை வாங்குபவள் ஒருத்தியே கழகம். அவள் அதை ஒரு மாலை விருந்துக்கு உடுத்தி அக்குளைக் கிழிக்கலாம். அமிலமற்ற தாளில் சுற்றி முப்பது ஆண்டு வைத்திருந்து அருங்காட்சியகத்துக்கு உயில் எழுதலாம். இரண்டையும் செய்தவர்கள் பலர் உண்டு. ஒரே பெண்ணே இரண்டையும் செய்ததும் உண்டு. அருங்காட்சியகம் மட்டும் நிலையானதா என்றால் அதுவும் இல்லை. பாத் நகரத்துத் தொகுப்பு அறுபதாண்டுக் காலம் இருந்த அசெம்பிளி ரூம்சை 2022 அக்டோபரில் காலி செய்து பெட்டிகளில் அடங்கி வெளியேற வேண்டியதாயிற்று.

கண்காட்சி முடியும் பிற்பகலில், விலைபோன கவுன்கள் உறைகளில் ஏறிய பின், மேசைகளுக்கு அடியிலிருந்து வணிகர்கள் ஒரு பெட்டியை வெளியே இழுத்து வைப்பார்கள். வெடித்த பட்டு, ஒற்றைக் கை, கறை பிடித்த லேஸ், மாறுவேடத்துக்காக வெட்டப்பட்ட பூவேலைத் துண்டு என உருவிழந்தவை அதில் கிடக்கும். 'வெட்டுத் துணி' என்பது அவற்றின் சந்தைப் பெயர். சில டாலருக்குக் கை கொண்ட மட்டும் அள்ளலாம். அப்பெட்டியின் முன் மண்டியிடுவோர் பெரும்பாலும் ஒட்டுப்போர்வை தைக்கும் முதிய பெண்கள். ஒவ்வொரு துண்டையும் எடுத்து, புறங்கையால் நீவி, பின்புறம் திருப்பிச் சாயம் உள்ளே இறங்கியிருக்கிறதா, மேலோடு அச்சா என்று பார்த்து மடியில் சேர்க்கிறார்கள்.